ஆணியில் மாட்டிய காப்பு

செங்கரைக் கூட்ரோட்டில் அஞ்சலாட்சியின் பிரேம் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது, ஏனென்றால் சுற்றுப்பட்டு முப்பது ஊர்களில் செத்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கடை வழியாகத்தான் சுவருக்குப் போனார்கள். ஏரியைத் தூர்த்துக் கார் கம்பெனிகள் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான், கம்பெனிகள் வந்து ரோடு ஆறு வழியாக அகன்று, செத்தவர்களின் வயது குறைந்துபோன பிறகும் அப்படித்தான். பதினாறு வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு பிரேம் கடைக்குக் கண்ணாடித் தூள் பெருக்கப் போனவள் அவள். உள்ளங்கையில் ஏறிய சில்லை வாயால் உறிஞ்சித் துப்பிவிட்டு வேலை பார்த்தவள், யாரும் சொல்லித் தராததை ஓரக்கண்ணால் திருடிக் கற்றவள், கட்டியவன் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போன வாரமே ஒரு கட்டரையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கூட்ரோட்டுக்கு வந்து தார்ப்பாய் கட்டிக் கடை போட்டவள். சட்டம் விற்கிற மொத்த வியாபாரியிடமும், கண்ணாடி ஏற்றிவரும் லாரிக்காரனிடமும், வரி கேட்டு வருகிறவனிடமும், அங்காளம்மனிடமும் அவள் பேசியது ஒரே பாஷைதான், அது பேரம். வார்த்தை தடித்தால் கையில் இருக்கிற அளவுகோல் பறக்கும். பறந்த அளவுகோலை எடுத்து வந்து கொடுத்துவிட்டு, அவள் சொன்ன விலையையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அநேகம்.

கம்பெனிகளோடு ஜப்பான்காரர்கள் வந்தார்கள், அவர்களோடு அவர்கள் மனைவிமார் வந்தார்கள், அந்த மனைவிமாரில் நொரிக்கோ என்கிற ஒல்லியான அம்மா ஒருநாள் கார் டிரைவர் தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பட்டுப் பையை இரண்டு கைகளாலும் நீட்டினாள். பையின் வாயை வெள்ளைக் கயிறு ஒன்று பூ மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

"இன்னா தணிகாசலம் இது, சுருக்குப்பையா? இதுக்கா பிரேமு?"

"காப்பு அக்கா. நம்ம தாயத்து மாதிரி. அவங்க ஊர்க் கோயில்ல குடுக்கிறது. இவங்க பையன் பரிட்சைக்கு வாங்கினது. பையன் பாஸாயிட்டான்."

"பாஸாயிட்டான்ல? அப்புறம் எதுக்குச் சுவத்துல மாட்டி அழகு பாக்கணும்?"

தணிகாசலம் கேட்டான். நொரிக்கோ மெல்லச் சொன்னதை அவன் தமிழாக்கினான். சாதாரணமாக வருஷம் ஒன்று ஆனால் காப்பைக் கோயிலில் திருப்பிக் கொடுத்து எரித்துவிடுவார்களாம். ஆனால் நன்றி மறக்கக் கூடாதென்று இந்தம்மா சிலதை மட்டும் சட்டம் போட்டு வைத்துக்கொள்வாளாம். அதற்கு அவள் தனக்கென்று வைத்திருக்கிற சட்டதிட்டம் மூன்று. வேலை முடிந்த காப்பைத்தான் சுவரில் மாட்டலாம், வேலை செய்துகொண்டிருப்பது உடம்போடு இருக்க வேண்டும். பசை போடக் கூடாது, பட்டுநூலால் அட்டையில் தைக்க வேண்டும். கண்ணாடி அதன்மேல் படக் கூடாது, நடுவில் ஒரு விரற்கடை இடம் விட வேண்டும்.

"ஒரு விரற்கடை விட்டா ஆழமான பெட்டிச் சட்டம் ஆகும். ரெண்டாயிரத்து ஐந்நூறு சொல்லு."

நொரிக்கோ இரண்டாயிரத்து ஐந்நூறையும் எடுத்து நீட்டினாள். அஞ்சலாட்சிக்குக் கோபம் வந்துவிட்டது. பேரமே பேசாமல் கொடுப்பவர்களை அவள் அவமானமாக நினைப்பாள்.

"குறைன்னு கேக்கச் சொல்லுய்யா அந்தம்மாவை!"

அன்றைக்கு நொரிக்கோ கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை 'குறைங்க.' அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் மாதம் தவறாமல் வந்தாள். மையால் ஒரே வீச்சில் எழுதிய ஒற்றை எழுத்துகள், சாய்ந்த மழைக்கு நடுவே பாலத்தில் ஓடுகிறவர்களின் படங்கள், கிழவன் முகமூடி, விசிறி, சாலையில் காத்த காப்பு, நோயில் காத்த காப்பு என்று அவளும் அவளைப் பார்த்து மற்ற ஜப்பான்காரப் பெண்களும் கொண்டுவந்ததையெல்லாம் அஞ்சலாட்சி பட்டுநூலால் தைத்தாள், விரற்கடை இடம் விட்டாள், தேக்குச் சட்டத்தில் பூட்டினாள். கூலிக்குச் செய்கிற வேலையில் அவள் ஒரு நூலிழை பிசகியதில்லை.

பிசகியது சொந்த வேலையில்.

அவளுடைய ஒரே மகள் யமுனாவுக்கு மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. முதலாவது நாலாம் மாதம், இரண்டாவது ஆறாம் மாதம், மூன்றாவது எட்டாம் மாதம், ஏதோ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக ஆசை காட்டிவிட்டுப் பறிக்கிற மாதிரி. நாலாவது தரித்தபோது யமுனாவுக்கு முப்பத்தொன்று. அவள் புருஷன் ஞானவேல் கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் இருந்தான். மூன்று பேரும் கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் சத்தமாகப் பேசவும் பயந்து குடியிருந்தார்கள். அந்தச் சமயத்தில் நொரிக்கோவின் புருஷனுக்கு ஊருக்கு மாற்றலாகியது. விடைபெற வந்தவள் ஒரு ரோஜா நிறப் பட்டுப் பையை யமுனாவின் கையில் வைத்து, கையோடு சேர்த்து மூடினாள்.

"சுகப் பிரசவத்துக்கான காப்பு," என்றான் தணிகாசலம். "இடுப்புல வச்சுக்கணுமாம். பிள்ளை பிறந்து கையோட இதைத் தபால்ல அனுப்பிடணுமாம். அம்மா கோயில்ல குடுத்து நன்றி சொல்லி எரிச்சிருவாங்களாம்."

அஞ்சலாட்சி தலையாட்டினாள். அந்தம்மா போனதும் யோசித்தாள். இடுப்பில் வைத்தால் வியர்வை படும், பஸ் நெரிசலில் அறுந்து விழும், குளிக்கும்போது கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு இந்தப் பெண் மறந்து தொலைப்பாள், இவளுக்கு எதைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தது? விலையுள்ளது எதுவானாலும் கண்ணாடிக்குள் போனால்தான் நிற்கும் என்பதை அவள் முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செத்தவர்களே நிற்கிறார்கள்! ஆழமான தேக்குச் சட்டத்தை வீட்டுக்கு எடுத்துச் செலவழிக்க மனம் வரவில்லை; மூலையில் மிச்சம் கிடந்த அரை அங்குலச் சட்டத்தை எடுத்தாள், பையை அட்டையில் வைத்துப் பசை தடவினாள், முடிச்சு புடைத்துக்கொண்டு கண்ணாடியை உட்கார விடாமல் அடம்பிடித்தபோது கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள், பின்பக்கம் எட்டு ஆணி அடித்து, பழுப்பு டேப் ஒட்டி, யமுனாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினாள்.

நாலாம் மாதம் நின்றது. ஆறாம் மாதம் நின்றது. எட்டாம் மாதம் தாண்டிய அன்று அஞ்சலாட்சி கூட்ரோடு முழுக்க ஜிலேபி கொடுத்தாள். பத்தும் முடிந்தது, பதினொன்றும் முடிந்தது, வலி வரவில்லை. பன்னிரண்டாம் மாதம், தொப்புளில் ஆரம்பித்து, அழுக்கேறிய கண்ணாடியை நனைத்த செய்தித்தாளால் துடைத்துக்கொண்டே போனால் எப்படித் தெளியுமோ அப்படி யமுனாவின் வயிறு வட்டவட்டமாகத் தெளிந்து, உள்ளே ஒரு பெண் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லவள், கெட்டிக்காரி. ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துக் கத்தி வைத்துப் பார்த்தாள். கத்தி வழுக்கியது, கீறல்கூட விழவில்லை. இன்னொரு கத்தி வாங்கிப் பார்த்தாள், அதுவும் வழுக்கியது. உள்ளேயிருந்து குழந்தை கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதயத் துடிப்பு நல்லா இருக்கு, எடை நல்லா இருக்கு," என்று சீட்டில் எழுதினாள் டாக்டரம்மா. "முப்பத்தொன்பதாவது வாரம். வலி வந்ததும் கூட்டிட்டு வாங்க."

அடுத்த மாதமும் முப்பத்தொன்பதாவது வாரம் என்றே எழுதினாள், அதற்கடுத்த மாதமும்.

ஊர் என்ன செய்யும்? ஊர் எதையும் மூன்று நாள் வியக்கும், நாலாம் நாள் அதற்கு ஒரு வரிசை கட்டும். முதலில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியப்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்பதை அவர் நின்றபடியே வாசித்துக் காட்டினார்.

"யாரு தெரியப்படுத்தினது? அதுவாத் தெரியுது," என்றாள் அஞ்சலாட்சி.

"தெரியறதே குத்தம்தாம்மா. மறைக்கணும்."

"நீ கண்ணை மூடிக்கினு போ. குத்தம் போயிடும்."

கடைசியில் நாலு விரல் அகலத்தில் ஒரு வெள்ளைத் துணியை யமுனாவின் வயிற்றுக்குக் குறுக்கே உரிய இடத்தில் கட்டுவதென்று பேரம் படிந்தது. மாதா மாதம் ஒருவர் வந்து துணி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அங்கன்வாடி டீச்சர் கர்ப்பிணிகளுக்கான சத்துமாவை நிறுத்தாமல் கொடுத்தாள், இரண்டு வயது முடிந்ததும் பலகையோடு வீட்டுக்கே வந்து யமுனாவின் எதிரில் உட்கார்ந்து அ, ஆ சொல்லிக் கொடுத்தாள். குழந்தை உள்பக்கத்திலிருந்து விரலால் எழுதியது. தெருப் பெண்கள் வருஷா வருஷம் வளைகாப்பு செய்தார்கள். முதல் தடவை ஆசையாய், இரண்டாம் தடவை சந்தேகமாய், மூன்றாம் தடவையிலிருந்து பொங்கல் வருகிற மாதிரி தேதி வந்தால் ஏழு வகைச் சாதத்தோடு வந்துவிட்டார்கள். யமுனாவின் முழங்கைக்கு மேல் வளையல் ஏற இடமில்லை.

எல்லாவற்றையும் கெடுத்தது பூக்காரி கன்னியம்மாதான், அவளும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகத்தைப் பார்த்தால் அந்தப் பக்கத்து ஜனங்களின் கை தானாகக் குங்குமத்துக்குப் போகும், பூவுக்குப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை பூ கொடுக்க வந்தவள் பேசிக்கொண்டே கட்டைவிரலால் வயிற்றில், குழந்தையின் நெற்றிக்கு நேராக, ஒரு பொட்டு வைத்துவிட்டாள். கையோடு ஒரு முழம் மல்லியையும் சார்த்தினாள்.

அளவுகோல் பறந்தது. "உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் பூ போடுறியாடி, நாசமாப் போறவளே!"

"அய்யய்யோ, அக்கா, கைப்பழக்கம்! நீயே எத்தினி படத்துக்குப் பொட்டு வச்சுக் குடுக்கிற!"

அது உண்மை. பிரேம் போட்டு முடித்த ஒவ்வொரு செத்த முகத்துக்கும் தன் செலவில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துக் கொடுப்பது அஞ்சலாட்சியின் வழக்கம். பறந்த அளவுகோலை அவளே போய் எடுத்துக்கொண்டாள். கன்னியம்மாவின் மகனுக்கு அந்த வாரமே கம்பெனியில் வேலை நிரந்தரமானது. அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் பதினொரு மாலைகள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை டோக்கன். மாலை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, சூடம் வந்தது. வேலை கேட்டார்கள், ஆண் பிள்ளை கேட்டார்கள், நிலத்துக்குக் கூடுதல் பணம் கேட்டார்கள், குடிக்கிற புருஷன் திருந்தக் கேட்டார்கள், திருந்தாவிட்டால் சாகக் கேட்டார்கள். கண்ணாடியம்மா என்று பெயர் வைத்தார்கள். குழந்தை ஆரம்பத்தில் வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஆவலாய்ப் பார்த்தது. போகப்போகப் பார்ப்பது மட்டும் மிஞ்சியது. கேட்காத முகம் ஒன்றைக்கூட அது பார்த்ததில்லை.

ஞானவேல் முதல் வருஷம் கம்பெனி ஆட்களைக் கூட்டிவந்து காட்டினான். இரண்டாம் வருஷம், பக்கத்தில் படுத்தால் பிள்ளை முழித்துக்கொண்டு தன்னையே பார்க்கிறது என்று நடையில் பாய் போட்டான். மூன்றாம் வருஷம் ஓசூர்ப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது என்று போனான். போனவன்தான்.

சுமக்கிறவளால் மட்டும் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிள்ளை வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தது; குனிந்தால் யமுனாவுக்கு உச்சந்தலை தெரியும், முடி தெரியும், அவ்வளவுதான். அஞ்சலாட்சி ஒரு நிலைக்கண்ணாடிக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதில் பார்த்தால் பிள்ளைக்கு முன்னால் சார்த்திய மாலைகள் தெரிந்தன, குங்குமம் தெரிந்தது, சூடப்புகை தெரிந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் எங்கேயோ இரண்டு கண்கள். யமுனா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

"யம்மா, அந்தப் பிரேமைப் பிரிச்சிடு."

"மூணு போச்சு. இது ஒண்ணு நிக்குது. நிக்கிறதை ஏன்டி கலைக்கிற?"

"எனக்கு முடியலம்மா. நாலு வருஷமா மாசம் முழுசான உடம்பு இது. ஒரு பக்கமாப் படுக்க முடியல. காலு வீங்கி வீங்கி வெடிக்குது. அது கூடப் பரவால்ல. வர்றவங்க எல்லாரும் என்னைத் தாண்டிப் பாக்குறாங்க. நான் என்ன சுவரா?"

"இந்த ஆடி போகட்டும்."

"போன ஆடிக்கும் இதான் சொன்ன."

"தை வரைக்கும் பாரு. தை பொறந்ததும் நானே பிரிக்கிறேன். சரி, ஐப்பசி. ஐப்பசிக்கு மேல ஒரு நாள் கேட்க மாட்டேன்."

மகளிடமும் அவளுக்குப் பேரம்தான் வந்தது. உயிரோடு உள்ளே இருப்பது செத்து வெளியே வருவதைவிட மேல் என்று அவள் கத்துவாள், கும்பலை விரட்டுவாள், விரட்டியவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள், யமுனா சுவரைப் பார்த்தபடி வயிற்றை மட்டும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பாள். ஆனால் அவள் மகளிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. இரண்டாம் வருஷத்து ஐப்பசி அடைமழை முடிந்து, ஒட்டடை அடிக்கிறேன் என்று அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்தபோது கண்ணாடிக்கும் பட்டுக்கும் நடுவில் எட்டணாக் காசு அகலத்தில் ஒரு கறை பார்த்தாள். இடம் விடாமல் போட்ட பிரேமுக்குள் ஈரம் புகுந்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பன் படத்தைக் கொண்டுவந்து புதுச் சட்டம் போடச் சொல்கிறவர்களிடம் அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்: படம் கண்ணாடியோட ஒட்டிடுச்சுப்பா, இழுத்தா மூஞ்சி கண்ணாடியோட வந்துடும், அப்படியே விட்டுடு. மூன்றாம் வருஷம் கறை பையில் பாதி அகலம் ஆனது. நாலாம் வருஷம் முடிச்சு எது, கறை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தான் மிச்சம் பிடித்த ஒரு விரற்கடை இடத்தைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலாம் வருஷக் கடைசியில், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நொரிக்கோ நின்றாள். புருஷனுக்கு இங்கே இரண்டு மாத வேலை என்று மறுபடி வந்திருந்தார்கள். கண்ணாடியம்மா என்று யாரோ சொல்லக் கேட்டு, அது இந்த வீடென்று தெரியாமல் பார்க்க வந்தவள், கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து வெயிலில் அப்படியே நின்றுவிட்டாளாம். தணிகாசலம் வந்து சொன்னான். அஞ்சலாட்சி வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

நொரிக்கோ உள்ளே வந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள். யமுனாவைப் பார்த்தாள், முதலில் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்து, நெற்றி தரையில் படக் குனிந்து, எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றுக்குள்ளிருந்த குழந்தை தலையைச் சாய்த்து அந்த நரைத்த தலையையே பார்த்தது, பிறகு நாலு வருஷத்தில் ஒருநாளும் செய்யாததாக, இரண்டு கைகளையும் அந்தக் கண்ணாடி வயிற்றில் ஊன்றியது.

"என்ன பண்ணுது? யம்மா, என்ன பண்ணுது பாப்பா?" என்று யமுனா கேட்டாள்.

"வர்றேங்குது," என்றான் தணிகாசலம், யாரும் அவனை மொழிபெயர்க்கச் சொல்லாமலேயே.

நொரிக்கோ நிமிர்ந்து சுவரைக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "அம்மா. இது வேலை செய்யுது. இன்னும் செய்யுது. பாவம். விடுங்க." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் போதவில்லை. தணிகாசலம் கேட்டுச் சொன்னான்: "காவல்காரனை வாசல்லயே ஆணியடிச்சு வச்சுட்டீங்களாம் அக்கா. அவன் யாரையும் உள்ள விட மாட்டான். வெளிய விடவும் அவனால முடியாதாம்."

அஞ்சலாட்சி யமுனாவைப் பார்த்தாள். யமுனா கெஞ்சவில்லை, அழவில்லை, கடைக்கு வந்த வாடிக்கையாளர் நேரமாகிறது என்று பார்ப்பதுபோல் பார்த்தாள். அதற்கு மேல் தேதி கேட்க அஞ்சலாட்சிக்கு வாய் வரவில்லை.

பிரேமை இறக்கிக் கட்டில் பக்கத்திலேயே பெஞ்சு போட்டாள். பழுப்பு டேப்பைக் கிழித்தாள். எட்டு ஆணிகளையும் குறட்டால் பிடுங்கினாள், எட்டும் துருவேறி மரத்தோடு கத்தின. அட்டையின் ஓரத்தைத் தூக்கினாள், வரவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவி காட்டினாள், சவரபிளேடை நெருப்பில் வாட்டி இடுக்கில் விட்டாள், நெல்மணி அகலம், நெல்மணி அகலம் என்று நகர்ந்தாள். வாசலில் டோக்கனோடு நின்றவர்கள் ஜன்னலில் அடைத்துக்கொண்டார்கள். எத்தனையோ வீட்டு அப்பன்களையும் புருஷன்களையும் பிள்ளைகளையும் கண்ணாடியிலிருந்து பிரித்துக் கொடுக்க முயன்ற விரல்கள் அவை, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும், நிறுத்து நிறுத்து என்று அவை சொல்லிக்கொண்டே இருந்தன. ரோஜாப் பட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. கட்டைவிரலால் அன்றைக்கு அழுத்தின முடிச்சுதான் மிச்சம்.

"மெதுவா," என்றாள் நொரிக்கோ, தமிழில்.

கிழிந்தது. பட்டு பாதி அட்டையிலும் பாதி கண்ணாடியிலுமாகக் கிழிந்து, உள்ளேயிருந்து காகிதம் சுற்றிய ஒரு மெல்லிய மரச்சில் பெஞ்சில் விழுந்தது. காகிதம் வெள்ளையாக இருந்தது. அதில் எழுதியிருந்த மந்திரமெல்லாம் கண்ணாடியில் போய் ஒட்டியிருந்தது. நொரிக்கோ முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அதே சமயம் யமுனா "அம்மா!" என்று அலறினாள். நாலு வருஷமாக வராத வலி மொத்தமும் ஒன்றாக வந்தது. வயிறு ஆவி படிந்த மாதிரி மங்கியது, ஓரத்திலிருந்து மாநிறம் ஏறியது, மாலைகள் சரிந்தன, குங்குமம் வியர்வையில் கரைந்து வழிந்தது, வெறும் வயிறு ஆனது, எல்லாப் பெண்களுக்கும் இருக்கிற வயிறு. ஜன்னலில் நின்ற அங்கன்வாடி டீச்சர் கன்னியம்மாவைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் ஊர் நர்சம்மாவைக் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக நேரமில்லை. கால்மணி நேரத்தில் பிள்ளை வந்துவிட்டது, சுகப் பிரசவம், ஒரு கிழிசல் கிடையாது, ஒரு குறை கிடையாது, சுருள் முடியும் சூடான உடம்புமாய்க் கண்ணை மூடிக்கொண்டு வந்தது.

அழவில்லை. நர்சம்மா தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் விரல் விட்டு வழித்தாள், மார்பில் இரண்டு விரலால் அழுத்தினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள், மறுபடி தட்டினாள். நர்சம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், ஊதுவதை விட்டாள், பிள்ளையைத் துணியில் சுற்றி யமுனாவின் மார்பில் வைத்தாள்.

அஞ்சலாட்சி ஆரம்பித்தாள். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை, கூரையைப் பார்த்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த படிக்க முடியாத எழுத்தைப் பார்த்து, கையை நீட்டி நீட்டிப் பேசினாள். நூறு வயசு குடு, கடையை எடுத்துக்கோ. நூறு வேணாம், அறுபது குடு, என் கையை எடுத்துக்கோ. அறுபது அதிகம்னா பத்து குடு, பள்ளிக்கூடம் போய்ட்டு வரட்டும். சரி, ஒரு வருஷம். சரி, நாளைக்குக் காத்தால வரைக்கும். என்னை எடுத்துக்கினு அதுக்கு ஒரு மணி நேரம் குடு. ஒண்ணும் வேணாம்டா பாவி, ஒரு அழுகை. ஒரே ஒரு தடவை அழச் சொல்லு, போதும், அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்டா என்னைச் செருப்பால அடி. அழ வேணாம். கண்ணை மட்டும் திறக்கச் சொல்லு. அவள் குரல் தெரு வரைக்கும் போயிற்று, ரோடு வரைக்கும் போயிற்று, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு விலையும் வரவில்லை, அவளோ குறைத்துக்கொண்டே போனாள், அரைக் கண், ஒரு இமை, ஒரு விரல் அசைவு.

"யம்மா," என்றாள் யமுனா.

துணியை விலக்கி அவள் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பியிருந்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், உதட்டுக்கு மேலே இருந்த மெல்லிய பள்ளத்தைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் பேசாம இரும்மா. இப்பத்தான் பாக்குறேன்."